ஃபில்டரை உருவாக்கியது யார்? ஜாவா வெப் அப்ளிகேஷன்களில் ஒரு பழைய தகராறின் வரலாறு

முன்னுரை

ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதுபவர்களில் பெரும்பாலோர் என்றாவது ஒரு நாள் இந்தப் பிழையில் வந்து நிற்பார்கள். ஒரு ஃபில்டர் எழுதப்பட்டிருக்கும். உள்ளே வருபவர் யார் என்று டேட்டாபேஸில் பார்த்துச் சொல்லும் ஒரு சர்வீஸ் ஆப்ஜெக்ட் அதற்குத் தேவை. அந்த மாறியின் மேல் ஆட்டோவயர்டு என்ற குறியும் ஒழுங்காகப் போடப்பட்டிருக்கும். இதே குறி கன்ட்ரோலர் கிளாஸில் அழகாக வேலை செய்கிறது. ஃபில்டரில் மட்டும், முதல் கோரிக்கை வந்தவுடன் நல்பாயிண்டர் எக்ஸெப்ஷன்! மாறி காலியாகவே கிடக்கிறது.

எழுத்துப் பிழை இருக்குமோ என்று தேடினால் இருக்காது. சர்வீஸ் கிளாஸைத் தனியாகச் சோதித்தால் அது சரியாக இயங்கும். அப்படியானால் கோளாறு எங்கே? இதற்கு விடை இன்றைய நிரலில் இல்லை, இருபத்தைந்து ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. ஃபில்டர் ஒரு பாதையில் வளர்ந்தது. டிபென்டன்சி இன்ஜெக்ஷன் இன்னொரு பாதையில் வளர்ந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் "இந்த ஆப்ஜெக்டை உருவாக்கும் உரிமை யாருக்கு?" என்ற தகராறு எழுந்தது. இந்தத் துறையில் வரும் பிழைகளில் பெரும்பங்கு அந்தத் தகராறின் பிள்ளைகளே.

முதலில் இரண்டு சொற்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஃபில்டர் என்பது வடிகட்டி. உலாவியிலிருந்து வரும் கோரிக்கை உரிய நிரலைச் சேரும் முன்பும், பதில் திரும்பிப் போகும்போதும் இடையில் நின்று பார்க்கும் காவலாளி அது. டிபென்டன்சி இன்ஜெக்ஷன் என்பது ஒரு ஆப்ஜெக்டுக்குத் தேவையான மற்ற ஆப்ஜெக்டுகளை அது தானே தேடிப் போகாமல், வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கையில் கொடுக்கும் முறை. தமிழில் சார்பு உட்செலுத்தல் என்று சொல்வதுண்டு.

சர்வ்லெட் காலம்

1990களின் நடுவில் இணையப் பக்கங்களை உடனுக்குடன் தயாரித்துத் தர சிஜிஐ என்ற முறை இருந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் ஒரு புதிய புரோகிராமைத் தொடங்கி, வேலை முடிந்ததும் மூடிவிடும். கூட்டம் சேர்ந்தால் சர்வர் திணறும். இதற்கு மாற்றாக சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997ல் சர்வ்லெட் என்ற முறையை வெளியிட்டது. ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரே ஆப்ஜெக்ட். அது நினைவகத்திலேயே தங்கியிருக்கும். வருகிற கோரிக்கைகள் தனித்தனி த்ரெட்களாக அதன் வழியே ஓடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. சர்வ்லெட் ஆப்ஜெக்டை அதை எழுதியவர் உருவாக்குவதில்லை. கன்டெய்னர் என்று சொல்லப்படும் சர்வர் மென்பொருள்தான் உருவாக்கும். அது கிளாஸின் பெயரைப் படித்து, அளவுரு எதுவும் இல்லாத கன்ஸ்ட்ரக்டரை அழைத்து ஆப்ஜெக்டைப் பெற்றுக்கொள்ளும். பிறகு இனிட் என்ற மெத்தடை அழைக்கும். மூடும்போது டெஸ்ட்ராய் மெத்தடை அழைக்கும். பிறப்பும் இறப்பும் கன்டெய்னர் கையில். அன்றைக்கு இது யாருக்கும் பிரச்சினையாகத் தெரியவில்லை. பின்னால் வந்த தகராறுக்கு விதை இங்கேதான் விழுந்தது.

1999ல் வந்த சர்வ்லெட் 2.2, வெப்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பைக் கொண்டுவந்தது. எந்த முகவரிக்கு எந்த சர்வ்லெட் என்பதை அதில் எழுதிவைத்தால் எந்த நிறுவனத்தின் கன்டெய்னரிலும் அதே அப்ளிகேஷன் ஓடும். சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய மாதிரி கன்டெய்னர் அதே ஆண்டில் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டு டாம்கேட் என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் ஒரு குறை இருந்தது. லாகின் செய்தவரா என்று பார்ப்பது, வந்த நேரத்தைக் குறித்துவைப்பது, பதிலைச் சுருக்கி அனுப்புவது போன்ற வேலைகள் எல்லாப் பக்கங்களுக்கும் பொது. அவற்றை ஒவ்வொரு சர்வ்லெட்டின் தொடக்கத்திலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஒன்றில் மறந்தால் அந்தப் பக்கம் மட்டும் பூட்டில்லாத கதவு. சன் நிறுவனத்தின் ஜாவா வெப் சர்வரில் சர்வ்லெட்களைச் சங்கிலியாகக் கோர்க்கும் வசதி இருந்தது. டாம்கேட் 3ல் இன்டர்செப்டர் என்றும், டாம்கேட் 4ல் வால்வ் என்றும் இடைமறிக்கும் அமைப்புகள் இருந்தன. இவை அந்தந்த சர்வருக்கு மட்டுமே சொந்தம். சர்வரை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும்.

2001: ஃபில்டர் பிறந்தது

2001ல் வெளியான சர்வ்லெட் 2.3 இந்தக் குறையைத் தீர்த்தது. ஃபில்டர் என்ற இன்டர்ஃபேஸ் எல்லா கன்டெய்னர்களுக்கும் பொதுவான விதியாக வந்தது. அதன் உயிர் டூஃபில்டர் என்ற ஒரே மெத்தடில் இருக்கிறது. கோரிக்கை, பதில், சங்கிலி ஆகிய மூன்றும் அதன் கைக்கு வரும். ஃபில்டர் தன் வேலையை முடித்துவிட்டு சங்கிலியை அழைத்தால் கோரிக்கை அடுத்த ஃபில்டருக்குப் போகும். கடைசியில் சர்வ்லெட்டைச் சேரும். பிறகு வந்த வழியே தலைகீழ் வரிசையில் திரும்பும்.

இந்த எளிய அமைப்பிலேயே முதல் தலைமுறைப் பிழைகள் அடங்கியிருந்தன. சங்கிலியை அழைக்க மறந்தால் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் வெள்ளைப் பக்கம் வரும். சங்கிலி திரும்பி வந்த பிறகு பதிலின் தலைப்பில் எதையாவது சேர்க்கப் பார்த்தால், பதில் ஏற்கெனவே புறப்பட்டுப் போயிருந்தால் அது சத்தமில்லாமல் வீணாகும்.

வரிசையும் பலரைக் குழப்பியது. வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஃபில்டர்களை அறிவிக்கும் வரிசைக்கு மதிப்பில்லை. எந்த ஃபில்டர் எந்த முகவரிக்கு என்று பொருத்தும் வரிகளின் வரிசைதான் கணக்கு. அதிலும் முகவரி வடிவத்தால் பொருத்தப்பட்டவை முதலில் ஓடும், சர்வ்லெட் பெயரால் பொருத்தப்பட்டவை அதன் பிறகுதான் ஓடும். கோப்பில் மேலே எழுதியிருந்தாலும் பெயரால் பொருத்திய ஃபில்டர் பின்னால் தள்ளப்படும்.

வரிசை எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழில் தளம் நடத்தியவர்கள் நேரடியாக அனுபவித்தார்கள். எந்தக் குறியாக்கம் என்று உலாவி சொல்லாவிட்டால், கன்டெய்னர் வந்த எழுத்துகளை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 என்று எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8ல் "தமிழ்" என்ற சொல்லுக்கு ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். ஆக, ஒரே சொல் பதினைந்து விசித்திர லத்தீன் எழுத்துகளாக டேட்டாபேஸில் போய் உட்காரும். சர்வ்லெட் 2.3ல்தான் கோரிக்கையின் குறியாக்கத்தை மாற்றும் மெத்தடும் வந்தது. அதை ஒரு ஃபில்டரில் வைத்து எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக்கினார்கள். ஆனால் படிவத்தின் எந்த ஒரு மதிப்பையும் படிக்கும் முன்பே அதை அழைத்துவிட வேண்டும். லாகின் ஃபில்டர் முந்திக்கொண்டு பயனர் பெயரைப் படித்துவிட்டால், பின்னால் வரும் குறியாக்க ஃபில்டர் ஓடியும் பயனில்லை. குறியாக்க ஃபில்டர் எப்போதும் வரிசையின் தலையில் இருக்க வேண்டும் என்பது இப்படித்தான் எழுதப்படாத சட்டமானது.

இன்னொரு சந்தேகம் சர்வ்லெட் 2.3லேயே தங்கிப்போனது. ஒரு சர்வ்லெட் கோரிக்கையை உள்ளுக்குள்ளேயே இன்னொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் ஃபில்டர் மறுபடி ஓட வேண்டுமா? 2003ல் வந்த சர்வ்லெட் 2.4, டிஸ்பேச்சர் என்ற வரியைச் சேர்த்து இதை எழுதுபவர் விருப்பத்துக்கு விட்டது. எதுவும் சொல்லாவிட்டால் வெளியிலிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டுமே ஃபில்டர் ஓடும். ஆகவே பிழைப் பக்கங்களுக்கும் உள்ளே திருப்பப்படும் பக்கங்களுக்கும் ஃபில்டர் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு விடை இந்த ஒற்றை வரிதான்.

மறுபக்கம்: தேடி அலைந்த ஆப்ஜெக்டுகள்

இதே ஆண்டுகளில் ஜாவா உலகின் இன்னொரு மூலையில் வேறு ஒரு சிக்கல் முற்றிக்கொண்டிருந்தது. பெரிய நிறுவனங்களுக்கான மென்பொருள்களுக்கு 1998ல் என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் வந்தது. அதில் ஒரு ஆப்ஜெக்டுக்கு இன்னொன்று தேவை என்றால் ஜேஎன்டிஐ என்ற பெயர்ப் பட்டியலில் தேடிப் பிடிக்க வேண்டும். தேடும் நிரல், தேடியது கிடைக்காவிட்டால் செய்யவேண்டிய நிரல் என்று வேலையைவிடச் சடங்கு அதிகமாக இருந்தது. கன்டெய்னர் ஓடாமல் ஒரு சிறு கிளாஸைக்கூடத் தனியாகச் சோதிப்பது கடினம்.

2002ல் ராட் ஜான்சன் ஜே2இஇ வடிவமைப்பு பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதனுடன் சுமார் 30,000 வரிகள் கொண்ட நிரலும் வந்தது. அதில் சாதாரண ஜாவா கிளாஸ்களை ஒரு தொழிற்சாலை உருவாக்கி, அவற்றுக்குத் தேவையானதைத் தானே கொடுத்துவிடும். யூர்கன் ஹோலர், யான் கரோஃப் ஆகியோர் இதைத் திறந்த மூலத் திட்டமாக்கும்படி வற்புறுத்தினார்கள். பழைய ஜே2இஇ குளிர்காலம் என்றால் இது வசந்தம் என்ற பொருளில் ஸ்பிரிங் என்ற பெயரை வைத்தவர் கரோஃப். 2003 ஜூனில் முதல் வெளியீடும் 2004 மார்ச்சில் 1.0 பதிப்பும் வந்தன.

ஸ்பிரிங் தனியாக வரவில்லை. தேவையானதை கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே கொடுக்க வேண்டும் என்ற கொள்கையுடன் பிகோகன்டெய்னர் வந்தது. அதற்கு முன்பே அப்பாச்சி அவலான் இன்டர்ஃபேஸ் வழியாக இதைச் செய்துகொண்டிருந்தது. இவை எல்லாம் இன்வர்ஷன் ஆஃப் கன்ட்ரோல் என்ற பொதுப்பெயரில் வழங்கின. அந்தப் பெயர் மிகவும் பரந்தது, குழப்பம் தருவது என்று சொல்லி 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரை டிபென்டன்சி இன்ஜெக்ஷன் என்ற பெயரை நிலைநிறுத்தியது.

இந்த முறையில் ஒரு அடிப்படை விதி உண்டு. கொடுப்பவர்தான் உருவாக்க வேண்டும். ஸ்பிரிங் உருவாக்கிய ஆப்ஜெக்டுக்குத்தான் ஸ்பிரிங் எதையும் கொடுக்க முடியும். வேறு யாரோ உருவாக்கிய ஆப்ஜெக்ட் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஃபில்டருக்கு கன்டெய்னர்தான் பெற்றோர் என்று சர்வ்லெட் விதி சொல்கிறது. தகராறு தொடங்கியது இங்கேதான்.

மோதலும் சமரசமும்

மோதலை முதலில் நேருக்கு நேர் சந்தித்தது பாதுகாப்புத் துறை. அதில் வியப்பில்லை. லாகின் சரிபார்ப்புக்குப் பொருத்தமான இடம் ஃபில்டர். சரிபார்க்கத் தேவையான பயனர் பட்டியல், கடவுச்சொல் சரிபார்ப்பு எல்லாம் ஸ்பிரிங் வசம் உள்ள பீன்கள். 2003 இறுதியில் பென் அலெக்ஸ் தொடங்கிய அசெகி செக்யூரிட்டி என்ற திட்டத்துக்கு இரண்டும் சேர்ந்தே ஆக வேண்டியிருந்தது.

அவர் கண்ட வழி ஒரு பினாமி ஏற்பாடு. ஃபில்டர்டுபீன்பிராக்ஸி என்ற ஒரு வெற்று ஃபில்டரை கன்டெய்னரிடம் பதிவுசெய்வது. கன்டெய்னர் அதைத் தன் விதிப்படி உருவாக்கிக்கொள்ளும். அந்த ஃபில்டருக்குச் சொந்த வேலை எதுவும் இல்லை. ஸ்பிரிங்கிடம் போய் உண்மையான ஃபில்டர் பீனைக் கேட்டு வாங்கி, வருகிற கோரிக்கையை அதனிடம் தள்ளிவிடுவது மட்டுமே வேலை. உண்மையான ஃபில்டரை உருவாக்கியது ஸ்பிரிங் என்பதால் அதற்கு வேண்டியதெல்லாம் கையில் இருக்கும்.

இந்த யோசனை ஸ்பிரிங்கின் மையத்துக்கே போனது. 2005ல் வந்த ஸ்பிரிங் 1.2ல் டெலிகேட்டிங்ஃபில்டர்பிராக்ஸி என்ற கிளாஸ் சேர்ந்தது. பென் அலெக்ஸின் கிளாஸைப் பார்த்து உருவானது என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அசெகி பின்னர் ஸ்பிரிங் செக்யூரிட்டி என்று பெயர் மாறி, 2008ல் 2.0 பதிப்பாக வந்தது.

சமரசம் ஏற்பட்டாலும் புதிய வகைப் பிழைகள் வந்தன. முதலாவது, பெயர்ப் பொருத்தம். வெப்.எக்ஸ்எம்எல்லில் ஃபில்டருக்கு வைத்த பெயரையே பினாமி பீனின் பெயராக எடுத்துக்கொண்டு தேடும். ஸ்பிரிங்செக்யூரிட்டிஃபில்டர்செயின் என்ற நீளமான பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் "அப்படி ஒரு பீன் இல்லை" என்று அப்ளிகேஷன் எழும்பாமலே படுத்துவிடும்.

இரண்டாவது, நேரம். கன்டெய்னர் ஒரு அப்ளிகேஷனைத் தொடங்கும்போது முதலில் லிசனர்கள், அடுத்து ஃபில்டர்கள், கடைசியில்தான் தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டிய சர்வ்லெட்கள் என்ற வரிசையில் எழுப்பும். ஸ்பிரிங்கின் பொதுச் சூழல் ஒரு லிசனர் மூலம் எழும். ஸ்பிரிங் எம்விசியின் சொந்தச் சூழலோ டிஸ்பேச்சர் சர்வ்லெட்டுடன் எழும். ஃபில்டருக்கு வேண்டிய பீனை இந்த இரண்டாவது சூழலில் எழுதிவைத்தால், ஃபில்டர் எழும் நேரத்தில் அந்தச் சூழல் பிறந்தே இருக்காது. பிறந்த பிறகும் பினாமி வழக்கமாகத் தேடுவது பொதுச் சூழலில் மட்டுமே. தாய்ச் சூழலில் உள்ளதைப் பிள்ளைச் சூழல் பார்க்கும், பிள்ளையிடம் உள்ளதைத் தாய் பார்க்காது. "பீன் இருக்கிறது, கன்ட்ரோலருக்குக் கிடைக்கிறது, ஃபில்டருக்கு மட்டும் கிடைக்கவில்லை" என்ற பிரபலமான புலம்பலுக்கு இதுவே காரணம்.

மூன்றாவது, ஆயுள். பினாமிக்குப் பின்னால் உள்ள ஃபில்டரின் இனிட் மெத்தடை யார் அழைப்பது? வழக்கமாக யாரும் அழைப்பதில்லை! பீனின் ஆயுளை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும் என்று பினாமி விட்டுவிடுகிறது. இனிட் மெத்தடில் அமைப்புகளைப் படித்துவந்த பழைய ஃபில்டரை அப்படியே பீனாக மாற்றினால் அது காலியாக நிற்கும். டார்கெட்ஃபில்டர்லைஃப்சைக்கிள் என்ற அளவுருவை ட்ரூ என்று வைத்தால்தான் பினாமி அந்த அழைப்பைக் கடத்தும்.

ஒரே ஃபில்டர், ஆயிரம் பயனர்

2006ல் வந்த ஸ்பிரிங் 2.0 ஒரு கோரிக்கைக்கு மட்டும் வாழும் பீன்களை அறிமுகம் செய்தது. வந்தவரின் பெயர், மொழி போன்றவற்றை வைத்துக்கொள்ள இது வசதி. ஆனால் ஃபில்டர் ஒன்றே ஒன்றுதான். அதன் வழியே ஒரே நேரத்தில் நூறு த்ரெட்கள் ஓடலாம். ஃபில்டர் பிறக்கும்போது ஒருமுறை கொடுக்கப்படும் ஆப்ஜெக்ட், எந்தக் கோரிக்கைக்கு உரியதாக இருக்க முடியும்?

அதற்கும் ஒரு பினாமிதான் விடையானது. ஃபில்டரின் கையில் ஒரு போலி ஆப்ஜெக்டைக் கொடுத்துவிடுவார்கள். அதை அழைக்கும் ஒவ்வொரு முறையும் அது தற்போதைய த்ரெட்டுடன் கட்டிவைத்த கோரிக்கையைப் பார்த்து உரிய ஆப்ஜெக்டை எடுத்துத் தரும். இந்தக் கட்டும் வேலையை வழக்கமாக டிஸ்பேச்சர் சர்வ்லெட் செய்கிறது. ஃபில்டரோ அதற்கு முன்பே ஓடிவிடுகிறது. அதனால்தான் "இந்த த்ரெட்டுடன் கோரிக்கை எதுவும் கட்டப்படவில்லை" என்ற செய்தி வருகிறது. இதற்கென உள்ள ரிக்வெஸ்ட்கான்டெக்ஸ்ட்லிசனரைப் பதிவுசெய்தால், அது ஃபில்டர்களுக்கும் முன்பாகவே கட்டிவைத்துவிடும்.

பிழைச்செய்தி வருவது நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். பயனரின் பெயரை ஃபில்டரின் சொந்த மாறியில் எழுதிவைத்தால் எந்தச் செய்தியும் வராது. கூட்டம் கூடும் நேரத்தில் ஒருவருடைய பெயர் இன்னொருவர் பக்கத்தில் தெரியும். தனி ஆளாகச் சோதிக்கும்போது ஒருநாளும் தெரியாத பிழை இது.

கூகுள், ஸ்ட்ரட்ஸ், பொது விதி

2007 மார்ச்சில் கூகுளில் பாப் லீ உருவாக்கிய கைஸ் வெளிவந்தது. எக்ஸ்எம்எல் எழுதாமல் ஜாவாவிலேயே எல்லாவற்றையும் சொல்லலாம் என்பது அதன் சிறப்பு. ஃபில்டர் தகராறுக்கு கைஸ் கண்ட வழி இன்னும் துணிச்சலானது. வெப்.எக்ஸ்எம்எல்லில் கைஸ்ஃபில்டர் என்ற ஒன்றை மட்டும் வைப்பது. மற்ற ஃபில்டர்கள், சர்வ்லெட்கள் எல்லாவற்றையும் கைஸ் தனக்குள்ளேயே உருவாக்கித் தானே சங்கிலி கோர்ப்பது. கன்டெய்னரின் வேலையை ஒரு ஃபில்டருக்குள் மறுபடி கட்டியதற்குச் சமம் இது. அங்கே பதிவாகும் ஒவ்வொரு ஃபில்டரும் சிங்கிள்டனாக இருக்க வேண்டும் என்று கைஸ் கட்டாயப்படுத்தி, மீறினால் தொடங்கவே மறுக்கும். அதே பாப் லீ எழுதிய ஒரு சிறு இன்ஜெக்ஷன் கருவிதான் ஸ்ட்ரட்ஸ் 2ன் உள்ளேயும் இருக்கிறது. ஸ்ட்ரட்ஸ் 2ன் நுழைவாயிலும் சர்வ்லெட் அல்ல, ஃபில்டர்தான்.

2009ல் போட்டியாளர்கள் கைகோர்த்தார்கள். பாப் லீயும் ராட் ஜான்சனும் சேர்ந்து ஜேஎஸ்ஆர் 330 என்ற பொது விதியைக் கொண்டுவந்தார்கள். இன்ஜெக்ட் என்ற குறி அதில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாவா இஇ 6, கேவின் கிங் தலைமையில் உருவான சிடிஐ முறையைச் சேர்த்துக்கொண்டது. இங்கே தகராறுக்கு இடமே இல்லை. கன்டெய்னரும் கொடுப்பவரும் ஒரே வீட்டார். ஜாவா இஇ 6 முழுமையாக உள்ள சர்வரில் ஃபில்டருக்குள் இன்ஜெக்ட் குறி போட்டால் நேரடியாக வேலை செய்யும். வெறும் டாம்கேட்டில் சிடிஐ கிடையாது. அங்கே அதே நிரல் காலி மாறியுடன் நிற்கும்.

அதே நேரத்தில் வந்த சர்வ்லெட் 3.0, வெப்ஃபில்டர் என்ற குறியைத் தந்தது. வெப்.எக்ஸ்எம்எல் இல்லாமலே ஃபில்டரைப் பதிவுசெய்யலாம். ஆனால் அந்தக் குறியில் வரிசை சொல்ல இடமில்லை. இரண்டு ஃபில்டர்களுக்கு இந்தக் குறி இருந்தால் எது முதலில் ஓடும் என்று விதி உறுதி தரவில்லை. வரிசை முக்கியம் என்றால் பழைய கோப்புக்குத்தான் திரும்ப வேண்டும். இதே பதிப்பில் வந்த அசின்க் வசதிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சங்கிலியில் உள்ள எல்லா ஃபில்டர்களும் அதற்குச் சம்மதம் தெரிவித்திருக்க வேண்டும். ஒன்று தெரிவிக்காவிட்டாலும் மொத்தமும் நிற்கும்.

2014: வீடு மாறியது

2014 ஏப்ரலில் ஸ்பிரிங் பூட் 1.0 வந்தபோது உறவு தலைகீழானது. அதுவரை டாம்கேட்டுக்குள் அப்ளிகேஷன் குடியிருந்தது. இப்போது அப்ளிகேஷனுக்குள் டாம்கேட் குடியேறியது. ஸ்பிரிங் முதலில் எழுந்து, தானே டாம்கேட்டை எழுப்புகிறது. ஃபில்டரையும் ஸ்பிரிங்கே உருவாக்கி டாம்கேட்டிடம் கொடுக்கிறது. ஆட்டோவயர்டு குறி ஃபில்டரில் ஒருவழியாக வேலை செய்தது.

தகராறு தீர்ந்ததா என்றால், வேறு உருவம் எடுத்தது. ஃபில்டர் வகையைச் சேர்ந்த எந்த பீனைக் கண்டாலும் ஸ்பிரிங் பூட் அதை எல்லா முகவரிகளுக்கும் தானாகவே பதிவுசெய்துவிடும். டோக்கன் சரிபார்க்கும் ஃபில்டரைக் காம்பொனென்ட் என்று குறித்து, அதையே ஸ்பிரிங் செக்யூரிட்டியின் சங்கிலியிலும் சேர்த்தால் அது இரண்டு இடங்களில் பதிவாகிறது. செக்யூரிட்டி பார்க்க வேண்டாம் என்று விலக்கிவைத்த முகவரிகளிலும் அந்த ஃபில்டர் ஓடி, திறந்திருக்க வேண்டிய பக்கத்தை மூடிவிடும். ஃபில்டர்ரெஜிஸ்ட்ரேஷன்பீன் மூலம் தானியங்கிப் பதிவை நிறுத்துவதே இதற்கு மருந்து.

வெப்ஃபில்டர் குறியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளே குடியிருக்கும் டாம்கேட்டில் சர்வ்லெட்காம்பொனென்ட்ஸ்கேன் என்ற குறி இருந்தால் ஸ்பிரிங்கே அந்த ஃபில்டரை உருவாக்கும். அதே அப்ளிகேஷனை வார் கோப்பாக்கி வெளி டாம்கேட்டில் வைத்தால் அந்த ஸ்கேனுக்கு வேலை இல்லை. டாம்கேட் தானே ஃபில்டரைக் கண்டுபிடித்துத் தானே உருவாக்கும். மாறி மீண்டும் காலி. மடிக்கணினியில் ஓடியது சர்வரில் விழுகிற கதைகளில் இதுவும் ஒன்று. ஃபில்டர் பீன்கள் மிகச் சீக்கிரம் பிறந்துவிடுகின்றன, மற்ற பீன்களைத் தேடும் ஃபில்டராக இருந்தால் பினாமியைப் பயன்படுத்துங்கள் என்று ஸ்பிரிங் பூட் ஆவணம் எச்சரிக்கிறது. 2005ன் மருந்து மறுபடியும் மருந்துக்கடைக்கு வந்துவிட்டது.

பூட்டு இருந்தும் திறந்த கதவு

காலி மாறி என்றால் அப்ளிகேஷன் விழுந்துவிடும், ஆளுக்குத் தெரிந்துவிடும். கன்டெய்னர், ஃபில்டர், ஸ்பிரிங் ஆகியவை ஒரே கோரிக்கையை வேறுவேறாகப் புரிந்துகொண்டால் எதுவும் விழாது. அப்பாச்சி ஷிரோ என்ற பாதுகாப்புத் தொகுப்பில் 2020ல் வெளியான சிவிஇ-2020-1957 அத்தகையது. முகவரியில் அரைப்புள்ளி போன்ற குறிகளைச் செருகி அனுப்பினால், ஷிரோவின் ஃபில்டர் அதை ஒரு முகவரி என்று படித்து விட்டுவிடும். ஸ்பிரிங் அதையே பாதுகாக்கப்பட்ட பக்கத்தின் முகவரி என்று படித்துக் கதவைத் திறக்கும். லாகின் இல்லாமலே உள்ளே போக முடிந்தது. 1.5.2 பதிப்பில் சரிசெய்தார்கள். ஃபில்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, ஃபில்டரும் பின்னால் இருப்பவரும் ஒரே முகவரியைத்தான் பார்க்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும் என்பதை இது காட்டியது.

அதே 2020 டிசம்பரில் ஜகார்த்தா இஇ 9 வந்து, ஜாவாக்ஸ் என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்களை எல்லாம் ஜகார்த்தா என்று மாற்றியது. டாம்கேட் 10ம், 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3.0ம் புதிய பெயரையே பேசுகின்றன. பழைய பெயரில் எழுதிய ஃபில்டர் அவற்றின் கண்ணுக்கு ஃபில்டரே அல்ல. புதிய சிடிஐ கன்டெய்னரில் பழைய தொகுப்பின் இன்ஜெக்ட் குறியைப் போட்டால் அது கண்டுகொள்ளப்படாமல், மாறி சத்தமில்லாமல் காலியாக இருக்கும். கோப்பின் தலையில் உள்ள இம்போர்ட் வரியைப் பார்க்காமல் உள்ளே எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

முடிவுரை

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டவருக்குப் பிழை தேடும் வரிசை தானாகக் கிடைத்துவிடும். ஃபில்டரை உருவாக்கியது கன்டெய்னரா, ஸ்பிரிங்கா? எப்போது உருவானது, அதற்கு வேண்டிய பீன் அதற்குள் பிறந்துவிட்டதா, எந்தச் சூழலில்? ஒரு ஆப்ஜெக்டா, இரண்டா? சங்கிலியில் எத்தனையாவது? எந்த வகைக் கோரிக்கைக்கு ஓடுகிறது? அது படிக்கும் முகவரியும் பின்னால் இருப்பவர் படிக்கும் முகவரியும் ஒன்றா?

முதல் கேள்விக்கு விடை காண ஒரு சுலபமான வழி உண்டு. ஃபில்டரின் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து, யார் அழைத்தார்கள் என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும். டாம்கேட்டின் கேட்டலினா தொகுப்பிலிருந்து அப்ளிகேஷன்ஃபில்டர்கான்ஃபிக் என்ற கிளாஸ் நேராக அழைத்திருந்தால் பெற்றோர் டாம்கேட். ஸ்பிரிங்கின் பீன் தொழிற்சாலை அழைத்திருந்தால் பெற்றோர் ஸ்பிரிங். இரண்டு முறை நின்றால் இரண்டு ஆப்ஜெக்டுகள். அரை நாள் தேடலை இது ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும்.

சர்வ்லெட் விதி ஃபில்டரின் பிறப்பை கன்டெய்னரிடம் கொடுத்தது 2001ல். இன்ஜெக்ஷன் முறைக்குப் பெயர் நிலைத்தது 2004ல். இடைப்பட்ட அந்த மூன்று ஆண்டு இடைவெளியில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் போட்ட திட்டங்களுக்கு, இன்று புதிதாக நிரல் எழுத வரும் மாணவர்களும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.